பத்து மணித் தாளிப்பு

மருதமுனையில் எங்கள் ஒழுங்கையின் இரு பக்கமும் உள்ள வீடுகள் பெண்களுக்குச் சொந்தமானவை. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். நானும் அப்படி வந்தவன். பக்கத்து வீடு ராத்தாவுடையது; ராத்தா என் மனைவியின் அக்கா. மகளுக்கென்று கட்டி, மகள் படித்து முடியும்வரை வாடகைக்கு விட்டிருந்தார். அந்த வருடம் நோன்புக்குச் சில நாட்கள் முன்பு வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் அங்கே குடிவந்தார்கள். லொறியிலிருந்து ஒரு கட்டிலும் ஒரு மேசையும் இறங்கின. பிறகு கலியாண வீட்டுக்குப் போதுமான சட்டிகள் இறங்கின.

முதல் நோன்பன்று காலை பத்து மணியளவில் அந்த வீட்டிலிருந்து தாளிப்பு வாசம் வந்தது. வெங்காயம், கறிவேப்பிலை, றம்பை. எங்கள் ஒழுங்கையில் நோன்பு மாதத்தில் பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடுப்பு எரிவது அபூர்வம். சின்னப் பிள்ளைகளுக்கு விடியுமுன் ஆக்கிய ஸஹர் சோற்றில் மிச்சம் இருக்கும்; நோயாளிக்கு யாரும் வெங்காயம் தாளிப்பதில்லை. மேற்கே வயல்களில் வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்ததால் காற்றில் வைக்கோல் தூசி வந்துகொண்டிருந்தது. அந்தத் தூசியோடு இந்த வாசமும் வந்தது. அடுத்த நாளும் வந்தது.

‘நீங்கள் நோன்பா?’ என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆணிடம் கேட்டால் அவமதிப்பு. பெண்ணிடம் கேட்பது அதைவிட மோசம். மாதத்தில் சில நாட்கள் அவளுக்கு நோன்பில்லை. அந்த நாட்களிலும் அவள் மற்றவர்கள் முன்னால் நோன்பாளியாகவே நடமாடுவாள். எனவே ஒரு கேள்வியில் முடிந்திருக்கவேண்டிய விசயத்தை ஒழுங்கை முழுவதும் சேர்ந்து விசாரித்தது.

விசாரணைக்கு ஒழுங்கை முனையில் கடை வைத்திருப்பவர் தலைமை தாங்கினார்; மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் காக்கா.

“ரெண்டு பேர். வாங்கிற பருப்பப் பாத்தா ஒரு பட்டாளம் தின்னும்,” என்றார் என்னிடம். “நான் ஒண்டும் சொல்லல்ல. பருப்பு சொல்லுது.”

“விருந்தாளி வாறாங்களோ?”

“நோன்பு காலத்துல, பகல் சோத்துக்கு? நல்ல விருந்தாளிதான்.”

பெண்கள் தட்டின் வழியாக விசாரித்தார்கள். என் மனைவி ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் ஒரு தட்டு வட்டிலப்பமும் அனுப்பினாள். அனுப்பிய தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. அடுத்த நாள் மாலை அதில் கோழிக் கறி வந்தது. நோன்பு திறந்து முதல் வாய் வைத்ததும் மனைவி தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். ராத்தாவும் எங்களுடன் இருந்தார்.

“உப்புக் கடல்,” என்றாள் மனைவி. “ராத்தா, இவ நோன்பு.”

ராத்தா இன்னொரு துண்டை எடுத்துத் தின்றுபார்த்து, “ஓம், நோன்புதான்,” என்றார்.

நோன்போடு சமைப்பவள் உப்புப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று மௌலவிமார் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் மௌலவிமாரை மதிக்கிறார்கள். இந்த விசயத்தில் நம்புவதில்லை. அந்த மாதத்துக் கறிகளில் உப்பு ஒன்றில் கூடும், அல்லது குறையும். ஆகவே அந்தப் பெண் குற்றமற்றவள் என்று அன்று மஃரிப் தொழுகைக்கு எழும்பு முன்பே முடிவாயிற்று.

அதனால் நிலைமை மோசமானது.

“அவ தின்னல்ல எண்டா, தின்னுறது ஆரு?” என்றார் கடைக்காரக் காக்கா. அவரிடம் இன்னொரு தகவலும் இருந்தது. புருசன் விடியவே மோட்டார் சைக்கிளில் போகிறான். பதினொரு மணிக்குத் திரும்பி வருகிறான். மீன்காரர்கள் ஐஸ் போட்டு வைத்திருப்பதைப் போன்ற ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேற்கே போகிறான். “காட்டுப் பக்கம் ஆரையோ வெச்சிச் சோறு குடுக்கான். எழுதி வெச்சிக்கங்க.”

நான் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் சிரிக்கவும் இல்லை. சில வருடங்களுக்கு முன் இந்தக் கடற்கரையில் ஒரு வாடகை வீட்டுக்குள் குண்டுகளோடு ஒளிந்திருந்தவர்களால் உயிர்கள் போயின. வீட்டை வாடகைக்குக் கொடுத்தவரும் பொலிஸுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராத்தா மட்டும் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள், அவர்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவதென்று முடிவெடுத்தார்.

“பெருநாளைக்குப் புறகு சொல்லன் ராத்தா. நோன்போட அதுகள் எங்க போகும்?” என்று மனைவி கேட்டாள்.

“பெருநாள் வரைக்கும் எனக்குத் தாங்காது. நீயும் வா. தனியக் கதைக்கப் பயமாரிக்கி.”

இருவரும் பத்து மணிக்குப் போனார்கள். இதன் பிறகு நடந்தது மனைவி சொல்லித் தெரிந்தது.

அந்தப் பெண் குசினியில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. தரையில் வாழையிலைத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. அடுப்பில் ஒரு பெரிய சட்டி பருப்பு. ராத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, “தங்கச்சி, ஒரு விசயம் கதைக்கணும்,” என்று தொடங்கினார்.

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கரண்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்: “ராத்தா, குறை நினைக்காதீங்க. நீங்க நோன்பா?”

எங்கள் ஒழுங்கையில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டு அதற்கு முன் நான் அறியவில்லை. ராத்தா என் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், “எனக்கு நோன்பில்ல,” என்றாராம்.

“அல்லாஹ்தான் உங்களக் கொண்டுவந்தான். இந்தப் பருப்புல உப்புப் பாருங்க.”

ராத்தா உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். “கூடிப்போச்சி. ரெண்டு உருளக்கிழங்கு வெட்டிப் போடு. சோறு ஆருக்கு?”

“மெசின்காரங்களுக்கு.”

புருசன் நெல் வெட்டும் மெசின் ஒன்றைப் பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து வாடகைக்கு எடுத்து, எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள வயல்களில் வெட்டிக்கொண்டிருந்தான். மெசினோடு வந்தவர்கள் சிங்களப் பொடியன்கள். அவர்களுக்கு நோன்பில்லை, வெயிலில் நிற்பவர்களுக்குப் பகல் சோறு வேண்டும். மெசினை எடுத்தவன்தான் கொடுக்கவேண்டும். ஒரு நாள் உப்பு இல்லை, இன்னொரு நாள் உப்புக் கூடி வாயில் வைக்க முடியவில்லை. நாளையும் இப்படியென்றால் மெசினைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்கள். மெசின் போனால் இவர்களுக்கு இந்தப் போகம் இல்லை.

“இத முதல்லயே சொல்லிரிக்கலாமேகா,” என்றார் ராத்தா.

“ஒருத்தரும் கேக்கல்லயே. நோன்பு காலத்துல பகல்ல சோறாக்கிறன் எண்டு நானா வந்து சொல்ல வெக்கமாரிந்திச்சி.”

ராத்தா உட்கார்ந்து உருளைக்கிழங்கு வெட்டினார். கதைக்க வந்த விசயத்தைக் கதைக்கவில்லை. பெட்டி அன்றும் பதினொரு மணிக்கு மேற்கே போனது.

மெசின் திரும்பிப் போகவில்லை. வெட்டு முடியும்வரை அவர்களும் இருந்தார்கள். கடைக்காரக் காக்காவுக்கு விசயத்தைச் சொன்னேன். “எண்டாலும் ஒரு கண் வெச்சிக்கணும்,” என்றார். ஆனால் பருப்பு விலையில் கழிவு கொடுக்க ஆரம்பித்தார்.

பிறகு அந்த வீட்டின் பின்வேலியில் இரண்டு தென்னங்கிடுகுகள் விலகியிருப்பதைக் கண்டேன். பத்து மணிக்குத் தாளிப்பு வாசம் வந்து சற்று நேரத்தில் அந்த இடைவெளியால் யாராவது ஒருத்தி உள்ளே போய், உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். ஒரு கிழமை முழுவதும் ராத்தா. பிறகு வேறொரு வீட்டுப் பெண். ஒரு காலையில் என் மனைவியும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கொல்லைப்புறமாகப் போனாள்.

எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை.