இரண்டு செம்புத் தண்ணீர்

துண்டை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டு, "ம், இப்பக் குடியும்வே" என்பார் தில்லைநாயகம் பிள்ளை. எதிரே பலகையில் ஒரே அளவில் இரண்டு செம்புகள் இருக்கும். ஒன்றில் தாமிரபரணித் தண்ணீர், மற்றதில் பிள்ளையார் கோயில் கிணற்றுத் தண்ணீர். எது ஆறு, எது கிணறு என்று வந்தவர் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணைக் கட்ட வேண்டியது குடிக்கிறவருக்கு அல்லவா என்று கேட்டால் துண்டுக்குள்ளிருந்து பதில் வரும்: "உம்ம கண்ணு என்ன செய்யும்? என் மூஞ்சிதான் கோள் சொல்லுது."

பிள்ளைவாள் எங்கள் ஊர்க் கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக் கொடுக்கும் டியூட்டர். எதிர்வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு அவருடைய பரிசோதனைகளில் எல்லாம் நான் உண்டு. ஊரில் யார் எதைச் சொன்னாலும், "எத்தனை பேர விசாரிச்சு இதச் சொல்லுதீரு?" என்பார். துட்டி வீட்டில், செத்துக் கிடந்தவரைப் பார்த்து ஒருவர், "இவரைப் போல நல்ல மனுஷன் கிடையாது" என்று கண் கலங்கியபோதும் இதையே கேட்டு, நாங்கள் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று.

திருநெல்வேலிக்காரன் நாக்குக்கு ஆற்றுத் தண்ணீர் தெரியும் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. அதைச் சோதிக்கத்தான் செம்புகள் வந்தன. கிணற்றுத் தண்ணீரை முந்தின நாள் மாலையில் அவரே இறைத்து வருவார். ஆற்றுத் தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை. அவருடைய தகப்பனார் சிவசைலம் பிள்ளை முன்னறையில் படுத்த படுக்கை. ஆற்றுத் தண்ணீர் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டார். அதற்காக, பிள்ளைவாளின் மனைவி ஞானம்பாள் விடியுமுன்னே ஆற்றுக்குப் போய் ஒரு குடம் கொண்டு வருவார். போக வர மூன்று மைல். அந்தக் குடத்தில்தான் இவரும் ஒரு செம்பு மொண்டுகொள்வார்.

முதல் வருஷம் நாற்பத்துமூன்று பேர் குடித்தோம். முப்பத்தொன்பது பேர் சரியாகச் சொன்னோம். எங்கள் தெரு நாறும்பூநாதன் பிள்ளை ஒருபடி மேலே போய், "இது குறுக்குத்துறைத் தண்ணிவே, சிந்துபூந்துறை இல்ல" என்று துறையையே சொல்லிவிட்டார். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அடுக்களை வாசலில் நின்ற ஞானம்பாள் மட்டும், "அவுக ஆத்துச் செம்பத் தொட்டா உங்க புருவம் மேல ஏறுது" என்றார். மறுவாரம் துண்டு வந்தது. அதே நாற்பத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர்தான் தேறினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு செம்பைக் காட்டியிருந்தாலும் அவ்வளவு பேர் தேறியிருப்பார்கள்.

இரண்டு வருஷம் இப்படிக் குடிக்க வைத்துப் பார்த்து, ஊர்ப் பெருமையைக் கவிழ்த்துவிட்ட உற்சாகத்தில் பிள்ளைவாள் ஒரு கட்டுரை எழுதினார். வெள்ளிக்கிழமை கல்லூரிச் சங்கத்தில், பிரின்ஸிபால் துரை முன்னிலையில் வாசிக்க வேண்டும். துரைக்குப் பிடித்தால் லெக்சரர் வேலை. ஒன்பது வருஷமாக அவர் காத்திருந்த வேலை அது.

வியாழக்கிழமை மாலை அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அப்போது நடந்ததைப் பெரியவர் சிவசைலம் பிள்ளை இருந்தவரை வெளியில் சொல்ல வழியில்லை. போன தையில் அவர் சிவலோகம் சேர்ந்துவிட்டார், அதனால் எழுதுகிறேன்.

ஞானம்பாள் வந்து நின்றார். "அண்ணாச்சியும் இருக்காக, சொல்லிருதேன். நாளைக்கு நாலு பேரு முன்னால இத வாசிக்காதிய. ரெண்டு வருசமா நான் ஆத்துக்கே போகல. படித்துறைப் பாசியில வழுக்கி விழுந்து கணுக்கால் பெரண்டு போச்சு. அவ்வளவு தூரம் நடக்க முடியல. பிள்ளையார் கோயில் கெணத்துலதான் கோருதேன். மாமா ஒண்ணும் சொல்லல. அப்படியே விட்டுட்டேன்."

"நீ எப்பம் விழுந்த?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"நீங்க செம்பு வாங்கிட்டு வந்தியள்லா, அதுக்கு முந்தின வாரம்."

அவர் கட்டுரையை மடித்து வைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன்வே, ரெண்டு செம்புலயும் ஒரே கெணறுன்னா, நாங்க முப்பத்தொம்பது பேரும் உம்ம புருவத்தயில்லா குடிச்சிருக்கோம்! இத எழுதும்வே. மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்காரன் தூக்கி வச்சு ஆடுவான்" என்றேன்.

அவர் முகம் ஒரு நிமிஷம் பிரகாசித்தது. என்னைவிட அவருக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது. முன்னறையில் பெரியவர் இருமினார். பிள்ளைவாள் குரலைத் தாழ்த்தினார். "எப்படிவே எழுத? ஊருக்குத் தெரிஞ்சா அப்பாவுக்குத் தெரியும். அன்னைக்கே தண்ணி குடிக்கத நிறுத்திருவாக. இல்லன்னா இவ அந்தக் கால வச்சுக்கிட்டு மறுபடியும் ஆத்துக்கு நடக்கணும்."

மறுநாள் சங்கத்தில் எழுந்து, பரிசோதகரின் அஜாக்கிரதையால் தண்ணீர் கெட்டுவிட்டது, வாசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். துரை முகத்தைச் சுளித்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. வீடு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அவரை அன்றைக்குப் பிடித்ததுபோல் என்றைக்கும் பிடித்ததில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரி ஆசிரியரான பிள்ளைவாள் தோளில் பித்தளைக் குடத்தோடு தெருவில் இறங்கினார். பின்னாலேயே போனேன். பிள்ளையார் கோயில் கிணற்றில் இறைத்துக் குடத்தை நிரப்பினார். வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆற்றுக்குப் போய் வர ஆகும் நேரம் முழுவதும் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, முங்கிக் குளித்தவர்போல் தலையோடு இரண்டு வாளி ஊற்றிக்கொண்டார். குடத்தைத் தூக்கப் போனவர், ஏதோ நினைவு வந்து நின்று, படியில் வைத்திருந்த ஒரு சிறு பொட்டலத்தைப் பிரித்தார். ஆற்று மணல். குடத்தை மெல்லச் சாய்த்து, ஈரமான அடிப்பாகத்தில் அந்த மணலைப் பார்த்துப் பார்த்து அப்பினார்.