பழுப்பு டியூப்

என் வீட்டுக்காரர் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதைகளுக்குப் படம் வரைபவர். தெருவில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வாயில்லாப் பூச்சி. காய்கறிக்காரர் அழுகின தக்காளியைப் போட்டாலும் சிரித்துக்கொண்டே வாங்கி வருவார். எங்கள் வீட்டில் வாய் மொத்தமும் என் பங்குக்கு வந்துவிட்டது.

கதையை அவர் தானாகப் படிக்க மாட்டார். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு என்னையே நாற்காலியில் உட்காரவைத்து வரைவார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை கதாநாயகிகளுக்கு என் மூக்கு போயிருக்கிறது, எத்தனை பேருக்கு என் கழுத்து போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. என் நிறம் மட்டும் போனதில்லை. அதைக் கதையில் வரும் வேலைக்காரிக்கு என்று ஒதுக்கிவிட்டார்.

நான் நல்ல கறுப்பு. சொந்தக்காரர்கள், “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்பார்கள். அந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே, அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கதை எழுதுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாயகியின் நிறத்தைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். வேலைக்காரி வந்தால் மட்டும் முதல் வரியிலேயே ‘கறுத்த, ஒல்லியான’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். எழுதவில்லை என்றால் சிவப்பு என்று வரைகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். அதனால் இவரிடம் வெள்ளை டியூப் மாதா மாதம் தீரும். பழுப்பு டியூப் மரத்துக்கும் மண்ணுக்கும் வேலைக்காரிக்கும் துளித்துளியாகப் போகும். மூடி இறுகிப்போய், திறக்க இடுக்கி வேண்டும்.

அப்போதுதான் ஒரு புதுத் தொடர் வந்தது. ஒரு பெண் பெரிய அலுவலகத்துக்கு மேனேஜராக வருகிறாள். நிறம், குலம், கோத்திரம் எதுவும் எழுதவில்லை. முதல் நாள் காவலாளி அவளைப் பின்வாசல் வழியாகப் போகச் சொல்கிறான். உள்ளே ஒருவர் நிமிர்ந்தும் பார்க்காமல், குடித்து முடித்த டீ கிளாஸை அவள் கையில் கொடுக்கிறார். அவள் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, மேனேஜர் நாற்காலியில் போய் உட்காருகிறாள்.

நான் படிப்பதை நிறுத்தினேன். “என்னங்க, இவ என் நெறம்.”

“அப்படி எங்க எழுதியிருக்கு?”

“எழுதி வேற வைக்கணுமாக்கும்! செவப்பா ஒருத்தி வந்து நின்னா எவனாவது எச்சி கிளாஸைக் கையில குடுப்பானா? உங்க தங்கச்சி கல்யாணத்துல எனக்கு எத்தனை பேர் குடுத்தாங்க, மறந்து போச்சா?”

அவர் பழுப்பு டியூபைத் தேடினார். இடுக்கியை எடுத்தார். கையில் கிளாஸோடு என்னை நிற்கவைத்து வரைந்தார். முடிந்ததும் பார்த்தேன். முதல் தடவையாகப் படத்தில் முழுசாக நான் இருந்தேன்.

படத்தைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன். நாயகியைக் கொஞ்சம் வெளுக்க வேண்டுமாம், நேரில் வரச் சொன்னார். “மாட்டேன்னு சொன்னா தொடர் கையைவிட்டுப் போயிரும்” என்று இவர் முனகினார். எங்களுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. ஆனாலும் அந்த முகத்தின் மேல் வெள்ளை ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இவரைத் தனியாக அனுப்பினால் ஆசிரியர் வீட்டுச் சுவருக்கும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டு வருவார். நானும் கிளம்பினேன்.

ஆசிரியர் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. இவர் உட்கார்ந்தார், நான் கதவோரம் நின்றேன். படம் மேஜைமேல் கிடந்தது.

“படிக்கிறவங்க வேலைக்காரின்னு நெனச்சிருவாங்க, ஆர்ட்டிஸ்ட். கதையில கறுப்புன்னு ஒரு வார்த்தை இருக்கா? லேசா வெள்ளை பூசுங்க, போதும்.” பேசிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தவர், முகத்தைக்கூடத் திருப்பாமல் காலி கிளாஸை என் பக்கம் நீட்டினார். “இத எடுத்துட்டுப் போம்மா.”

வாங்கிவிட்டேன். வாயாடி என்று பேரெடுத்த எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவமானத்தில் அழுகைதான் வந்தது.

இவர் எழுந்து நின்றார். “சார், அது என் சம்சாரம்.”

ஆசிரியர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அதே முகம், அதே கை.

“இத்தனை வருஷமா உங்க கதாநாயகிங்க எல்லாம் இவதான் சார். நெறத்த மட்டும் நான் மாத்திக் குடுத்துட்டிருந்தேன். இனிமே மாட்டேன்.” குரல் நடுங்கியது. இருந்தாலும் சொல்லிவிட்டார் மனுஷன்!

ஆசிரியர் மன்னிப்பும் கேட்கவில்லை, மறுத்தும் பேசவில்லை. கிளாஸை என் கையிலிருந்து வாங்கித் தன் மேஜைமேல் வைத்தார். படம் அப்படியே அச்சேறியது.

தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் நாயகிக்கு முழங்கைவரை நிறம் பூசிவிட்ட இவர், டியூபைப் பிதுக்கிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், வெட்டியும் பார்த்தார்.

“பழுப்பு தீந்துபோச்சு” என்றார்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன்.