மாலை போட்டவரும் வெட்டிய பத்தாவும்

மாலை போட்டவர் பொய் சொல்லக் கூடாது என்ற விதி மருந்துக் கடையில் எவ்வளவு உதவும் என்று ஃபார்மசி கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பம்பாய் மாட்டுங்கா அனந்து மாமாதான் சொல்லித் தந்தார், அதுவும் தனக்கே தெரியாமல்.

நான் தாராவியிலிருந்து வந்து மாட்டுங்கா கடையில் இருபத்தாறு வருடம் கவுண்டரில் நின்றவள். மாமா ரிட்டயர்டு ஷிப்பிங் குமாஸ்தா, எங்கள் பேட்டை ஐயப்பன் குழுவுக்குக் குருசாமி. பதினேழு தடவை மலை ஏறியவர். பதினெட்டாம் வருடம் தென்னங்கன்று சுமந்துபோய்ச் சபரிமலையில் நட வேண்டும் என்பது வழக்கம். கார்த்திகை பிறக்கும் முன்பே கன்றை வாங்கிப் பால்கனியில் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது கறுப்பு வேட்டியோடு கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. பர்ஸிலிருந்து ஒரு பழைய பத்தாத் துண்டை நீட்டினார். மாத்திரை அட்டையை பம்பாயில் பத்தா என்போம். எங்கள் வாடிக்கையாளர்கள் பலருக்கு அந்தக் காலி அட்டைதான் பிரிஸ்கிரிப்ஷன்.

“யூரின் போறச்சே எரியறது. ஜுரம் வேற. போன வருஷம் குடுத்தியே, அதையே அஞ்சு நாளைக்கு ஜல்தி குடு.”

“டாக்டரைப் பார்க்கலையா, சாமி?”

“அங்க போனா ரத்தம் குடு, மூத்திரம் குடும்பான். நேக்கு மலைக்கு நேரமாச்சு.”

அது ‘ஃப்ளாக்சசின்’ என்று முடியும் வகை ஆன்டிபயாட்டிக். பத்தாவை வெட்டக் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான், போன வருடம் அந்த மாத்திரை முடிந்த கையோடு அவர் நொண்டிக்கொண்டு வந்து குதிகால் வலிக்குத் தைலம் வாங்கியது ஞாபகம் வந்தது. இந்த வகை மாத்திரை சிலருக்குக் குதிகால் தசைநாணைப் பாதிக்கும். அபூர்வமாக இதய வால்வையும் பாதிக்கலாம். ஏற்கெனவே வால்வில் கசிவு உள்ளவர்களுக்கு வேறு மருந்து இருந்தால் அதையே கொடுங்கள் என்று எச்சரிக்கை வந்திருந்தது. படித்திருந்தேன். ஆனால் கவுண்டரில் யாரையும் அது பற்றிக் கேட்டதில்லை.

கத்தரியைக் கீழே வைத்தேன்.

“சாமி, மாலையைத் தொட்டுச் சொல்லுங்க. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுதியளா?”

மாமா மாலையைத் தொடவில்லை. ஷாம்பு பாட்டில்களை அக்கறையாகப் பார்த்தார்.

“நீ இதுவரைக்கும் கேட்கலை. நானும் சொல்லலை. அது பொய்யாகாது” என்றார்.

“இப்போ கேட்கேன்.”

“ஹார்ட்டுக்கு ரெண்டு. வால்வ் லீக்காம், மூணு வருஷமா. செம்பூர்ல வாங்கறேன்.” குரல் இறங்கியது. “இங்க வாங்கினா குழுவுக்குத் தெரிஞ்சுடும். மலைக்கு விடமாட்டா. இது பதினெட்டும்மா.”

சிறுநீருக்கு மாட்டுங்கா கடை, இதயத்துக்குச் செம்பூர் கடை. உடம்பு மட்டும் ஒன்று. எனக்குக் கோபம் வந்தது, பாதி அவர் மேல், பாதி என் மேல்.

“மலை எங்கயும் ஓடிப் போகாது. ஓடுதது நீங்கதான், செம்பூருக்கு” என்று சொல்லி, மாமியை வரவழைத்து, இருவரையும் அவருடைய இதய டாக்டரிடம் டாக்ஸியில் அனுப்பினேன்.

டாக்டர் யூரின் கல்ச்சர் எடுத்து வேறு மருந்து கொடுத்தார். ஜுரம் இறங்கியது. ஆனால் இதய எக்கோ ஸ்கேனில் கசிவு முன்பைவிடக் கூடியிருந்தது. மாத்திரையாலா என்று மாமி கேட்டதற்கு, அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது என்றாராம். மலை வேண்டாம் என்பதை மட்டும் திட்டமாகச் சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மாமா கடைக்கு வந்தார். பின்னால் குழுவைச் சேர்ந்த இரண்டு சாமிகள் வரிசையில் நின்றார்கள். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“சாமி, போன வருஷம் டாக்டர் சீட்டு இல்லாம வெறும் பத்தாவைப் பார்த்து வெட்டிக் குடுத்தது நான்தான். கேட்டிருக்கணும். தப்பு.”

“நீயும் மாலை போட்டிருக்கியா என்ன?” என்றார். பிறகு வரிசை முழுதும் கேட்கும்படி, “ஹார்ட் மாத்திரை ஒரு மாசத்துக்குக் குடு. சீட்டு இருக்கு” என்று செம்பூர்ச் சீட்டை என் முன்னால் வைத்தார்.

குழு அவரில்லாமல் மலைக்குப் போயிற்று. வழியனுப்ப வந்த மாமா அழுதார். பக்கத்தில் நின்ற நானும் அழுதேன். கன்று பால்கனியிலேயே தங்கிவிட்டது. இப்போது அது மேல்மாடி மாமி உலர்த்தும் புடவைகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, வாரம் ஒரு சண்டை.

புதிதாகக் கவுண்டரில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சீட்டு இல்லாமல் வெட்டாதீர்கள். சீட்டு இருந்தாலும், கத்தரியை எடுக்கும் முன், வேறு எந்தக் கடையில் என்ன வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். எல்லாரும் மாலை போட்டுக்கொண்டு வரமாட்டார்கள்.