சென்ட் போட்ட மாப்பிள்ளையும் கிணற்றுத் தண்ணீரும்

ஆந்திர எல்லையில் சாந்திபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாட்சாயணியின் வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலிலேயே தங்களை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்வது நல்லது. பீடி குடித்தவர், கொசுவர்த்திப் புகையில் படுத்து எழுந்தவர், பவுடர் பூசியவர், யாராக இருந்தாலும் பின்னால் இருக்கும் புழு வீட்டுக்குள் இடமில்லை. ஊர்ப் பெரிய மனிதரே ஆனாலும் வாசற்படியில் கொட்டி வைத்திருக்கும் சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பட்டுப்புழு அவ்வளவு நாசூக்கானது. அதை வளர்க்கிறவள் அதைவிட நாசூக்கு.

அவள் கணவன் முனுசாமி இருபது வருடப் பீடிப் பழக்கத்தை விட்டது டாக்டர் சொல்லியல்ல, திருப்பதி மலைக்கு வேண்டிக்கொண்டுமல்ல. புழுவுக்காக விட்டான். “சாமியாவது மன்னிச்சுடும், இவ மூக்கு மன்னிக்காது” என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

தாட்சாயணியின் அம்மாவுக்கு ஒரு பாத்தி நிலம்கூடச் சொந்தமாக இருந்ததில்லை. பதினாறு வயதிலிருந்து தாட்சாயணி அடுத்தவர் தக்காளித் தோட்டங்களில் கூலிக்கு மருந்து அடித்தவள். கையுறையாவது முகமூடியாவது, வாளியில் ஊற்றி முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கியிருக்கிறாள். தலை சுற்றினால் ஒரு சொம்பு மோர் கொடுப்பார்கள், அதுதான் வைத்தியம். பின்னாளில் ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் அவர்கள் கைக்கு வந்தபோது பட்டுப்புழு தின்னும் மல்பெரியை நட்டதற்குக் காரணமே, அதற்கு மருந்து அடிக்கக் கூடாது என்பதுதான். இனிமேல் இந்தக் கையில் விஷம் படாது என்று அன்றைக்குச் சொன்னவள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

மகள் பவ்யாவை ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அஷ்வினுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். திருவள்ளூர்ப் பக்கத்துப் பையன், தங்கமான பையன். ஒரே ஒரு குறை, பாட்டில் பாட்டிலாக சென்ட் அடித்துக்கொள்வான். அவன் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இங்கே முனுசாமி இலை போடச் சொல்லிவிடுவான்.

மார்ச் மாதம் அவன் வந்து போன மூன்றாம் நாள், நான்கு முறை தோல் உரித்த பெரிய புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டி, பச்சையாகக் கக்கி, சுருண்டு விழுந்தன. இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்ட வேண்டிய புழுக்கள். தாட்சாயணிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டிய கையோடு மகளுக்குப் போன் போட்டாள்.

“உம் புருஷன் மேல கோவமில்ல பவ்யா. அவரு மேல அடிக்கிற வாசன மேலதான் கோவம்.”

அடுத்த முறை அஷ்வின் இரண்டு தரம் குளித்துவிட்டு, சென்ட் பாட்டிலையே தொடாமல் வந்தான். அப்படியும் அவனை வெளியே புளியமரத்தடியில் உட்காரவைத்துத்தான் கறிச்சோறு போட்டாள். அந்தத் தடவையும் புழு செத்தது. “சட்டையில ஒட்டிக்கினு கீது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மருமகன் ஒன்றும் பேசவில்லை, வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

பேசியது மகள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். “எம் வூட்டுக்காரரு காலெடுத்து வைக்காத வூட்டுக்கு நானும் பிரசவத்துக்கு வரமாட்டேம்மா. இங்கியே பாத்துக்கறோம்” என்று வைத்துவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்பது இருக்கட்டும். தாட்சாயணிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற ஒரே பெண். தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளும் வழக்கமும் அவளுக்கு இல்லை.

ஜூன் மாதம் மூன்றாவது முறையாகப் புழு செத்தது. மருமகன் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“இப்ப யாரு மேல போடப் போற? எம் மேலயா?” என்றான் முனுசாமி.

அவள் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கீழ்த் தட்டுகளில் எல்லாம் செத்துக் கிடந்தன. மேல் தட்டில் மட்டும் புழுக்கள் கொழுகொழுவென்று தின்றுகொண்டிருந்தன. மேல் தட்டுக்கு அன்று காலை செடியிலிருந்து ஒடித்த தழை. கீழே போட்டது, வெயிலுக்கு வாடாமல் இருக்க ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்த தழை. சாக்கை நனைத்தது கிணற்றுத் தண்ணீர்.

உயிரோடிருந்த புழுக்களை மூன்று முறங்களில் பிரித்துப் போட்டாள். ஒன்றுக்கு உலர்ந்த தழை, ஒன்றுக்குப் பஞ்சாயத்துக் குழாயில் நனைத்த தழை, ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த தழை. பொழுது சாய்வதற்குள் மூன்றாவது முறம் அடங்கிவிட்டது.

கிணற்றுக்கு மேலே மேட்டில் சிரஞ்சீவியின் கொட்டகை இருந்தது. பூச்சிமருந்துக் கம்பெனிகள் கழித்துக்கட்டிய நீல டிரம்களை வாங்கிவந்து கழுவி, கல்யாண வீட்டுக்கும் கட்டட வேலைக்கும் தண்ணீர் பிடிக்க விற்பவன். கழுவிய தண்ணீர் பின்னால் ஒரு பள்ளத்தில் இறங்கும். இவர்கள் கிணற்றிலேயே குடிக்கத் தண்ணீர் எடுக்கும் தெருவில் ஆறு மாதமாக வாந்தியும் தலைசுற்றலும் இருந்தது. எல்லோரும் வெயில் மேல் பழி போட்டார்கள், தாட்சாயணி மருமகன் மேல் போட்டது போல. அன்றே அந்தக் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குள் எடுத்துவைத்தாள். இப்போது மகள் கோபம் தீர்ந்து வருகிறேன் என்றாலும் இந்தத் தண்ணீருக்கு எப்படிக் கூப்பிடுவது?

மண்டல ஆபீஸில் புகார் எழுதி அர்ஜி கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் வரும் சேதி முதல் நாளே சிரஞ்சீவிக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பள்ளத்தைச் செம்மண் போட்டு மூடி, மேலே சாமந்திச் செடி நட்டு, வந்தவர்களுக்கு இளநீரும் வெட்டிக் கொடுத்தான். அவர்கள் கொட்டகை முன்னால் இருந்த குழாயில் சோதனைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். சாமந்தி அழகாகத்தான் பூத்திருந்தது.

தாட்சாயணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முறத்துக்கு இருபது புழுவாக இரண்டு முறங்களை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டினாள். ஒரு கட்டு உலர்ந்த தழை, கிணற்றில் ஒன்று குழாயில் ஒன்றாக இரண்டு பாட்டில் தண்ணீர். முதல் பஸ்ஸில் ஏறிப் பலமநேரி, சித்தூர் வழியாகத் திருப்பதிக்குக் கிளம்பினாள். சித்தூரில் பக்கத்து சீட்டுக்கு சென்ட் மணக்க வந்த ஒரு மாப்பிள்ளைக் கோலத்துப் பையனிடம், “நைனா, கோச்சிக்காத, நீ பின்னால போய்க் குந்து. என் மடியில புழு கீது” என்றாள். அந்தப் பக்கத்தில் மூன்று சீட்டுகள் காலியாகிவிட்டன. மீதி தூரம் சுகமாகக் காலை நீட்டிக்கொண்டு போனாள்.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் ஹரிபாபு என்ற அதிகாரி முறத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியோடு பின்னுக்குப் போனார்.

“ஏன்டம்மா இதி? என்னம்மா இது?” என்றார்.

“சாட்சி, சாரு.”

அவர் தெலுங்கும் தமிழும் கலந்து பொறுமையாக விளக்கினார். தண்ணீரை முறைப்படி எடுக்க வேண்டும், லேபுக்கு அனுப்ப வேண்டும், புழு செத்ததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

“செய்ய வேணாம் சாரு, பாருங்க போதும். ரெண்டு பாட்டில் கீது. எது எந்தத் தண்ணின்னு நான் சொல்லமாட்டேன். உங்க கையாலயே தழைய நனச்சுப் போடுங்க.”

அவருக்கும் ஆசை தட்டிவிட்டது. பாட்டில்களில் ஒன்று, இரண்டு என்று பேனாவால் எழுதி, தழையை நனைத்துத் தன் கையாலேயே முறத்துக்கு ஒன்றாகப் போட்டார். போடுவதற்கு முன், “மொதல்ல கைய சோப்பில்லாம கழுவுங்க சாரு” என்று தாட்சாயணி அவரையும் விடவில்லை. ஆபீஸே கூடிவிட்டது. டைப் அடிக்கும் பிரேமலதா மதியச் சாப்பாட்டை முறத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டரை மணிக்கு இரண்டாம் முறத்தில் ஒரு புழு தலையைத் தூக்கியது. மூன்று மணிக்குள் இருபதும் பச்சையாகக் கக்கிவிட்டன. ஒன்றாம் முறத்தில் காம்பைத் தவிர மீதி எல்லாம் தீர்ந்திருந்தது.

ஹரிபாபு இரண்டாம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, “இந்தத் தண்ணியையா தெருவே குடிச்சுது?” என்று கேட்டார்.

“எம் பொண்ணுக்கு ஏழாவது மாசம் சாரு. அவ குடிக்கப் போற தண்ணி.”

அவர் டைரியை எடுத்தார். தாட்சாயணி கையெடுத்துக் கும்பிட்டாள். “எப்ப வரீங்கன்னு எழுதாதீங்க சாரு. எங்கிட்டகூடச் சொல்லாதீங்க.”

அவர் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் ஜீப் வந்து நின்றபோது சிரஞ்சீவி வேப்பங்குச்சியும் வாயுமாக நின்றிருந்தான். ஹரிபாபு நேரே தாட்சாயணி சொல்லியிருந்த சாமந்திப் பாத்திக்குப் போய்த் தோண்டச் சொன்னார். நாற்றத்தில் தெருவே மூக்கைப் பொத்தியது. பாத்தி மண், பள்ளத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் சீல் வைத்த பாட்டிலில் போயின. லேபிலிருந்து வந்த காகிதம் இரண்டு பக்கத்துக்குப் புழு சொன்னதையே சொன்னது.

கொட்டகை மூடப்பட்டது. விஷமண்ணை வெட்டி எடுத்துச் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும், கிணற்றை இறைக்க வேண்டும், அதுவரை தெருவுக்கு டேங்கரில் தண்ணீர் விட வேண்டும் என்று சிரஞ்சீவிக்கு உத்தரவு. அவன் டேங்கர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே பெண்கள் தேவைக்கு மேல் குடம் கொண்டுவந்தார்கள். நான்கு முறை கிணற்றை இறைத்தார்கள். நல்ல மழையும் பெய்தது. ஊறிய தண்ணீரில் தாட்சாயணி வாரா வாரம் தழை நனைத்துப் போட்டாள். முதல் வாரம் பாதிப் புழு செத்தது. அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் ஒன்றும் சாகவில்லை. ஆனாலும் கயிற்றை வெளியே எடுக்காமல் லேபுக் காகிதத்துக்காகக் காத்திருந்தாள்.

ஹரிபாபு போன் செய்தார். “ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. தண்ணீ மஞ்சிதி, தாராளமா குடிக்கலாம்.”

“சந்தோசம் சாரு. எங்கூட்ல போன வாரமே சொல்லிட்டாங்க” என்றாள் புழுத் தட்டைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த போன் ஸ்ரீ சிட்டிக்கு. மகளுக்கில்லை, மருமகனுக்கு. “மாப்ள, பவ்யாவக் கூட்டிக்கினு வாங்க. நீங்களும் வரணும்” என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் மாத வயிற்றோடு பவ்யா வந்து இறங்கினாள். அஷ்வின் பையைக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் புளியமரத்தடிக்கே போய் உட்கார்ந்துவிட்டான். தாட்சாயணி அதைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சுண்ணாம்புத் தூளை ஒரு தட்டில் அள்ளிவந்து அவன் காலடியில் வைத்தாள்.

“மிதிச்சினு உள்ள வாங்க, மாப்ள.”

“பஸ்ல வந்தது, சட்டையெல்லாம் வேர்வை அத்தை.”

“வேர்வைக்கு ஒண்ணும் ஆவாது. உங்க மேல தப்பில்ல. எம் மூக்குதான் பொய் சொல்லிடுச்சு.”

முனுசாமி அதைக் கேட்டுக் கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே போட்டான். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவனுக்குக் கிடைக்காத வார்த்தை அது.

அஷ்வின் முதல் முறையாகப் புழு வீட்டுக்குள் வந்தான். தட்டு தட்டாகப் புழுக்கள் தின்னும் சத்தம், கூரைத் தகரத்தில் தூறல் விழுவது போலக் கேட்டது. தாட்சாயணி கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை ஒரு டம்ளரில் மகளிடம் நீட்டினாள். பவ்யா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.