சம்பளம் வேண்டாத சிஸ்டர்

வெள்ளைக்காரிக்கு முகம் வெளுக்குமா என்று கேட்பீர்கள். வெளுக்கும். ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் கண்ணாரப் பார்த்தேன்.

அவள் ஜெர்மனியிலிருந்து இரண்டு வருடத் தொண்டூழியத்துக்கு வந்தவள். நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக நடந்த ஒரு சின்னப் பள்ளிக்கு நான் அப்போது பொறுப்பாசிரியை. பிள்ளைகளுக்குச் சோறூட்டுவது, கழுவிவிடுவது, துணி மாற்றுவது அவள் வேலை. கன்னியாஸ்திரி இல்லை, இருபத்துமூன்று வயதுப் பெண்தான். ஆனால் எங்கள் ஊர் வெள்ளைத் தோலைக் கண்டாலே 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். வந்த அன்றே சிஸ்டர் ஆகிவிட்டாள்.

என் குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில்தான் தங்கினாள். முதல் மாதம் வெயில் அவளைப் படுக்கவைத்தது. இரண்டாம் மாதம் எங்கள் தெருக்கள் படுத்தின. எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக வேறு யாரோ வீட்டு அடுக்களைக்குள் போய்த் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறாள். அந்த வீட்டம்மா திடுக்கிடவே இல்லையாம். காபி கொடுத்து, என் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார்.

அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: பர்மனெண்டா, கான்ட்ராக்டா? நிலக்கரி மைன்ஸை நம்பிப் பிழைக்கிற ஊரில் மனிதரை வேறு எப்படி அளப்பது? அதன் பொருளை விளக்கியதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாலை நேரங்களில் அவளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். நான்கே மாதத்தில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசினாள். அவளைவிட எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. அந்தத் தமிழ்தான் எங்களை மாட்டிவிட்டது.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் எதிரே வந்தவர், பக்கத்துக் கிராமமான வடக்குத்தைச் சேர்ந்த ஆயாம்மா. சிஸ்டர் வருவதற்கு முன்பு எட்டு வருடம் அதே பிள்ளைகளுக்குச் சோறூட்டியவர். "திங்கக்கிழமையிலேருந்து வர வேணாம் ஆயாம்மா" என்று அவரிடம் சொன்னதே நான்தான். நிர்வாகி சொல்லச் சொன்னார், சொன்னேன். ஏன் என்று ஆயாம்மா கேட்கவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் கேட்பதில்லை.

"நீங்க பர்மனெண்டா, கான்ட்ராக்டா சிஸ்டர்?" என்றார் ஆயாம்மா.

"ரெண்டும் இல்லீங்க. சம்பளம் வேணாம். சும்மாதான் செய்றேன்." அவள் பெருமையோடுதான் சொன்னாள்.

ஆயாம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தார். "சும்மா செய்யறதுக்கு ஆளு வந்துதான் என்னெ நிறுத்துனாங்களா? நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்." குரலில் கோபமே இல்லை. "புள்ளைங்க ஒழுங்கா சாப்புடுதுங்களா?"

அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது. பழைய ஆயா, ஏதோ பேசுகிறார் என்று நான் ஆங்கிலத்தில் மழுப்பப் பார்த்தேன். "எனக்குப் புரிஞ்சுது டீச்சர்" என்றாள் தமிழில். பிடிபட்ட திருடிபோல நின்றேன்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் நிர்வாகியின் அறைக்குள் போனாள், நானும் கூடப் போனேன். ஆயாம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றாள். இரண்டு பேர் எதற்கு என்றார் அவர். "அப்போ நான் போறேன். அவங்க வரட்டும்." அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

இரண்டு வருடம் இருக்க வந்தவள், ஐந்தாம் மாதம் முடிவதற்குள் பெட்டி கட்டினாள். கிளம்புவதற்கு முன் சைக்கிளில் வடக்குத்துக்குப் போய், ஆயாம்மாவிடம் தன் வாயாலேயே செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்க் கட்டு கேரியரில் இருந்தது. அவள் வந்ததிலிருந்து அத்தனை சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

அவளைப் பஸ் ஏற்றிவிட்ட மறுநாள், ஆயாம்மாவை எப்போது வரச்சொல்லலாம் என்று நிர்வாகியிடம் கேட்டேன். அவர் கோப்பிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "அடுத்த மாசம் ஜெர்மனியிலேருந்து இன்னொரு பொண்ணு வருது டீச்சர். உங்க வீட்டு ரூம் காலியாத்தான இருக்கு?"

நியாயமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "காலிதான் சார்" என்றேன். வெளியே வந்த பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்பதே எனக்கு உறைத்தது.

அதன்பின் நான் வடக்குத்துப் பக்கம் போகவில்லை. பள்ளியை விட்டும் பல வருடமாகிறது. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து செய்தி வருகிறது, தமிழில்தான். 'ஆயாம்மா நலமா? குழந்தைகள் அவர் கையால் நன்றாகச் சாப்பிடுகிறார்களா?'

நலம், நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று பதில் எழுதுகிறேன்.