அண்ணா என்னிடம் கேட்காதது

அண்ணாவின் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி உயரத்தில் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருக்கும். மதியத்துக்குள் அதற்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது. மட்டாஞ்சேரிக் கிடங்கில் முப்பது வருஷம் மிளகு தரம் பார்த்தவர், வாரம் மூன்று நாள் பள்ளுருத்தி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுத்திருந்தார். மன்னி இறந்துவிட்டதால் அவருக்குத் தங்கை நான்தான் துணை. திருப்பூணித்துறையில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் மாறி வந்து கூட உட்காருவேன்.

என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்த வாரத்திலேயே, வெளிநாட்டுக்குப் போவதாகச் சொன்னார். அங்கே விலைக்குக் கொடுக்க ஆள் பிடித்துத் தருகிறார்களாம். "உன்கிட்டேர்ந்து எடுத்துண்டா, உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்கு நெஞ்சு பதறும். அங்கேன்னா யாரோ ஒருத்தர். பேர் தெரியாது, முகம் தெரியாது" என்றார். வீட்டு மனுஷரைக் கத்திக்குக் கொடுப்பதைவிட அதுவே மேல் என்று பக்கத்துக் கட்டில்காரர்களும் சொன்னார்கள். "வேண்டாம் அண்ணா" என்றேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. அன்று திரும்பும்போது பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆபரேஷன் முடிந்து அவர் ஊர் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது, பேச்சுதான் குறைந்துவிட்டது. ஒருநாள் சாயா குடித்துக்கொண்டே தானாகச் சொன்னார்: "எனக்குக் குடுத்தவளை அங்கே பார்த்துட்டேன். தெரியாம வேற கதவைத் திறந்துட்டேன். உன் வயசுதான் இருக்கும். சுவரைப் பிடிச்சுண்டு நடந்துண்டிருந்தா. என்னைப் பார்த்துச் சிரிச்சா."

நான்காம் மாதம் காய்ச்சல் வந்தது. கிருமி அங்கேயே தொற்றியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். வைத்த சிறுநீரகம் செயலிழந்தது. அண்ணா மறுபடி டயாலிசிஸ் கட்டிலுக்கே வந்தார்.

அடுத்த கட்டிலில் இருந்த மீன் வியாபாரி, தானும் அங்கே போகலாமா என்று அவரிடம் கேட்டார். அண்ணா மலையாளத்தில்தான் பதில் சொன்னார். எனக்கு அது இன்றும் தமிழில்தான் கேட்கிறது. "வீட்டுல யாராவது இருந்தா வாய்விட்டுக் கேளுங்கோ. அவாளா சொல்லட்டும்னு காத்திருக்காதீங்கோ." நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போய், என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணாவின் உடம்பு இனி இன்னொரு ஆபரேஷனைத் தாங்காது என்றார். நான் போய்க் கேட்டதை அண்ணாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மழை தொடங்கிய வாரத்தில் அவர் போய்விட்டார்.

போன மாதம் எங்கள் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு டீச்சர்" என்றாள், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.