போணிக்கு முன் ஒரு கயிறு

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்க நல்ல இடம் சொல்லுங்கள் என்று இந்தத் தளத்தில் பலர் கேட்டுவிட்டீர்கள். ஏரி வேண்டும், காடு வேண்டும், கழிப்பறை வேண்டும், பெங்களூருக்குப் பக்கமாகவும் இருக்க வேண்டும். (இத்தனையும் ஒன்றாகக் கிடைப்பது மாமியார் வீட்டில் மட்டும்தான், அங்கேயும் ஏரி இருக்காது.) நான் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. போன வருடம் ஜனவரியில் என் அக்கா மகன் இர்பான் இப்படி ஓர் இடம் தேடிப் போய்த் தண்ணீரில் இறந்துபோனான். வயது இருபத்திரண்டு. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தான். நீச்சல் தெரியாதவன் இல்லை.

அவன் இறங்கியது ஏரியும் இல்லை. கருங்கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்ட குவாரிப் பள்ளம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இவை நிறைய உண்டு. மழைத் தண்ணீர் தேங்கினால் செல்போன் வரைபடத்தில் அழகான நீலத் திட்டாகத் தெரியும். நண்பர்கள் மூன்று பேர் மேலே நிற்க, இர்பான் குதித்துக் குளித்தான். ஏறத்தான் வழியில்லை. சுவர் பீரோவின் பக்கவாட்டைப் போல வழவழப்பாக நான்கு ஆள் உயரத்துக்கு நின்றது. பையன்கள் லுங்கிகளையும் பெல்ட்டுகளையும் முடிந்து தொங்கவிட்டார்கள். எட்டவில்லை. சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்துப்போய் மூழ்கினான்.

கடந்த டிசம்பர் கடைசியில் மச்சான் போன் செய்தார். மச்சான் என்றால் என் அக்கா நூர்ஜஹானின் கணவர், இர்பானின் அத்தா. குந்தாரப்பள்ளி வாரச் சந்தையில் மாட்டுக் கயிறு, சலங்கை, மூக்கணாங்கயிறு விற்கிறவர்.

"மாப்ள, இர்பானோட கூடாரம் பரண் மேலயே கெடக்குது. யாருக்காவது குடுத்துடுங்கன்றா உங்கக்கா. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் அதுல படுத்துப் பாக்கணும். லீவு கெடச்சா போதும், அதத் தூக்கிக்கினு கெளம்பிடுவான். அப்படி என்னாத்த தேடிப் போனான்னு எனக்குத் தெரியணும்."

இதற்கு நான் என்ன சொல்ல. சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு எப்படியும் வார விடுமுறை.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மச்சான் தன் குட்டி யானைச் சரக்கு வண்டியோடு ஓசூர் பாகலூர் சாலையில் இருக்கும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாங்கள் போவது நிஜ யானைகள் நடமாடும் பக்கம் என்பதால், குட்டியைக் கூட்டிக்கொண்டு போனால் அம்மா வந்துவிடப் போகிறாள் என்றேன். ஒரு வருடம் முன்பு என்றால் சிரித்திருப்பார். வண்டியின் பின்னால் சந்தைச் சரக்கு இறக்காமலே கிடந்தது: மூட்டை மூட்டையாய்க் கயிறு. ஏன் இறக்கவில்லை என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும்" என்றார்.

முதலில் கெலவரப்பள்ளி அணை. ஓசூரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர், அரை மணி நேரம். படங்களில் பிரமாதமாக இருக்கும் என்பதால் நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறீர்கள். படத்தில் வாசனை வராது. தென்பெண்ணை எல்லை தாண்டி வரும்போதே ஊர்க் கழிவையெல்லாம் சுமந்துகொண்டுதான் வருகிறது. நாங்கள் போன அன்று மதகுக்குக் கீழே நுரை ஆள் உயரத்துக்கு நின்றது. மச்சான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இந்தத் தண்ணில ஒளு செய்ய முடியுமா மாப்ள?" என்றார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவக்கூட ஆகாத தண்ணீர் என்றால் பாத்திரம் கழுவவும் ஆகாது. இங்கே கூடாரம் வேண்டாம். இன்னொன்றையும் கவனித்தேன். நுரையாக இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். அதைப் பார்த்ததும் அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. போன வருடத்திலிருந்து கிணறு, குளம் எதன் பக்கமும் அவர் போவதில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அங்கிருந்து தேன்கனிக்கோட்டை. பேருந்து நிலையம் பக்கம் சாப்பாடு, இருவருக்கும் இருநூற்றிருபது ரூபாய். ரசம் நன்றாக இருந்தது. பிறகு அஞ்செட்டி சாலை, இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், முழுக்கக் காட்டு வளைவு. காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கூடாரம் போடுவது குற்றம், ஆபத்தும்கூட. அதனால் காட்டை ஒட்டிய பட்டா நிலம் தேடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது முனிராஜ் என்பவருடைய கேழ்வரகுக் கொல்லை, அறுத்து முடித்த தரை. கூடாரத்துக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய். ஓட்டு வீடும் கழிப்பறையும் ஐம்பது அடியில். முனிராஜ் எங்களிடம் தமிழில் பேசினார், நாயைத் தெலுங்கில் திட்டினார், போனில் மனைவியிடம் கன்னடத்தில் குழைந்தார். மூன்று மொழியிலும் ஒரே சேதியைத்தான் சொன்னார்: இருட்டினால் வேலியைத் தாண்டாதே.

"போன வாரம் ஒத்த ஆனை வந்துட்டுப் போச்சு சார். வைக்கப்போர் வச்சிருக்கிற பக்கம் கட்டாதீங்க, இந்தாண்டை வீட்டோரமா கட்டிக்குங்க. பட்டாசு சத்தம் கேட்டா வெளிய வராதீங்க, வீட்டுக்குள்ள ஓடியாந்துடுங்க."

மாலை நான்கு மணிக்குக் கூடாரப் பையைப் பிரித்தோம். ஒரு வருடமாக யாரும் தொடாத பை. உள்ளே ஒரு சோப்புப் பெட்டி, பாதி தீர்ந்த கொசுவர்த்தி, காய்ந்த புல். துணியை உதறி விரித்ததும் நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டும் கயிறுகள் வந்தன. அவை கயிறுகளே இல்லை. ஒரு மூலையில் ஷூ லேஸ். இன்னொன்றில் துணி கட்டும் நாடா. மற்ற இரண்டிலும் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் பட்டை, இரண்டு இரண்டாகச் சேர்த்து முடிந்தது. மச்சான் அந்தப் பட்டையைக் கையில் எடுத்து முடிச்சை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கயிறு கேட்டான் மாப்ள" என்றார்.

நானும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்குக் காலைல சந்தைக்கே வந்தான், பைக்குல. கூட்டாளிங்க ரோட்டுல நிக்கறாங்க. அத்தா, நல்ல கயிறா முப்பது மீட்டர் குடு, கூடாரத்துக்கு வேணும்னான். நான் அப்பதான் கடை விரிச்சிருக்கேன். போணி ஆவல. இருடா, ஒரு போணி ஆவட்டும், அப்புறம் எடுத்துக்கன்னேன். கால் மணி நேரம் நின்னான். போன் மேல போன் வருது அவனுக்கு. சரித்தா, லேட்டாவுது, வர்றேன்னுட்டு போயிட்டான். அவன் அந்தாண்டை போறான், இந்தாண்டை ஒரு கவுண்டரு வந்து மூக்கணாங்கயிறு கேக்கறாரு."

போணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் வியாபாரம் காசுக்கு ஆகாமல் சரக்கைச் சும்மா கொடுத்தால் அன்றைக்கு முழுக்கக் கடை ஓடாது என்பார்கள். சந்தையில் பெற்ற தாய்க்கும் அதுதான் சட்டம். கடனும் இல்லை, இனாமும் இல்லை. மச்சான் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நடந்தார், அவருடைய அத்தாவும் அப்படித்தான் நடந்தார். யாரும் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. அதை நான் வாய்விட்டும் சொன்னேன்.

"குத்தம்னு யாரும் சொல்லல. உங்கக்காவுக்கே தெரியாது. கயித்துக் கடைக்காரன் புள்ள கயிறு இல்லாம செத்தான்னு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார்.

 இர்பான் பிறந்தபோது மருத்துவமனை வராந்தாவில் எனக்கு முன்னால் அவனைக் கையில் வாங்கியவர் இவர். ஒரு வருடமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு சந்தையில் கயிறு அளந்து போட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் வண்டியிலிருந்து நைலான் கயிறு எடுத்துவந்தார். நான்கு மூலைக்கும் அளந்து வெட்டிக் கட்டினார். பழைய பட்டைகளைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரவு அந்தக் கூடாரத்துக்குள் இருவரும் படுத்தோம். குளிர் சரியான குளிர். தளி, அஞ்செட்டிப் பக்கம் ஜனவரியில் வருகிறவர்கள் போர்வையில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். யானை வரவில்லை.

விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது கொல்லை முழுக்கப் பனி. வேலிக்கு அந்தப் பக்கம் மரங்களே தெரியவில்லை, பறவைச் சத்தம் மட்டும் வந்தது. முனிராஜ் வீட்டிலிருந்து டீ கொடுத்தனுப்பினார்கள். மச்சான் கூடார வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பனி விலகி மலை ஒன்று ஒன்றாக வெளியே வந்தது.

"நல்லாத்தான் இருக்குது. இதுக்குத்தான் வந்தான்னா, திட்டறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

ஏழரைக்குக் கிளம்பி ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வழியாகப் பாரூர் ஏரிக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. நூறு கிலோமீட்டருக்கு மேல். குட்டி யானையை விட்டுவிட்டு வேறு வண்டியில் போனால் ஒரு மணி நேரம் மிச்சம். இது நிஜ ஏரி. நல்ல அகலமான கரை, மதகு, கொக்கு, எருமை எல்லாம் உண்டு. கரையின் மேல் தங்க விடமாட்டார்கள். பக்கத்துத் தென்னந்தோப்புகளில் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு போடலாம், நாங்கள் கேட்ட இடத்தில் இருநூறு ரூபாய் சொன்னார்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் நான் சொல்லும் இடம் இதுதான்.

லுஹர், நடுப்பகல் தொழுகை நேரம். கேனில் தண்ணீர் இருக்கிறது என்று நான் எடுக்கப் போனேன். மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினார். கணுக்கால் நனையும்வரை போய், கீழே பாதத்தால் தரையைத் தடவித் தடவிப் பார்த்து, அங்கேயே குனிந்து ஒளு செய்தார். பக்கத்தில் எருமை கழுவிக்கொண்டிருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

தொழுது முடித்து வந்து, "மாப்ள, அந்த எடத்துக்குப் போலாம்" என்றார். கயிற்று மூட்டைகள் ஏன் வண்டியிலேயே இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த இடத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது போவீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து மண் பாதையில் மூன்று கிலோமீட்டர். முள்வேலி பிய்ந்து கிடந்தது, எச்சரிக்கைப் பலகையில் எழுத்து வெளுத்துவிட்டது. மாலை நான்கரை. தண்ணீர் பச்சையாக, அடிவரை தெரிகிறதோ என்று ஏமாற்றும் தெளிவு. அழகாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

விலை போகாமல் விட்டுப்போன பெரிய கல் ஒன்று விளிம்பில் கிடந்தது. மச்சான் பெருவிரல் தடிமனில் ஒரு கயிற்றை எடுத்து, முழத்துக்கு ஒரு முடிச்சாக, பிடித்து ஏறுகிற மாதிரி போட்டார். அந்த முடிச்சுகளுக்கே அரை மணி நேரம் ஆனது. நான் உதவப் போனதற்கு விடவில்லை. கல்லைச் சுற்றிக் காளை கட்டும் முடிச்சில் கட்டினார். சந்தையில் முதல் காசை வாங்கும்போது சொல்வது போல மெதுவாக "பிஸ்மில்லா" என்று சொல்லி மறுமுனையைப் பள்ளத்துக்குள் விட்டார். அது தண்ணீரைத் தொட்டது. தொட்டு, இன்னும் எட்டு முழம் மிச்சமாக மிதந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கயிற்றைத் தன் முழு எடையால் இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. பரவால்ல. வேற யாருக்காவது கண்ணு இருக்கும்ல" என்றார்.

இரவு ஏழு மணிக்குக் குந்தாரப்பள்ளியில் அவர் வீட்டுக்கு வந்தோம். கூடாரம் பனியில் நனைந்திருந்தது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பையை வாங்கி மொட்டைமாடிக்கு எடுத்துப் போனாள். பின்னால் போய்ப் பார்த்தேன். விரித்துப்போட்டு, புதுக் கயிறு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் படியேறி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டைகளை எடுத்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் இறங்கி வந்துவிட்டேன். கூடாரம் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

இரண்டு நாளைக்கு டீசல், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து இருவருக்கும் இரண்டாயிரத்து அறுநூறு ஆனது. வரப்போகிறவர்களுக்கு இரண்டே விஷயம். வரைபடத்தில் நீலமாக இருப்பதெல்லாம் ஏரி இல்லை. ஓரம் நேர்க்கோடாக இருந்தால், கரையும் மதகும் இல்லாவிட்டால், ஒரு எருமைகூட இறங்காவிட்டால், அதில் நீங்களும் இறங்காதீர்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியம் அங்கே உதவாது.

இரண்டாவது, நல்ல கயிறு முப்பது மீட்டர் கையில் வையுங்கள். இல்லாவிட்டால் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வாருங்கள். மாட்டுச் சந்தையை ஒட்டிய வரிசையில், சலங்கை தொங்கும் கடை. கூடாரம் போடப் போகிறோம் என்று சொன்னால் போதும், மச்சான் அளந்து முடிந்து கொடுத்துவிடுவார், காசு வாங்கமாட்டார். விடிந்ததும் வந்துவிட்டோமே, இன்னும் போணி ஆகியிருக்காதே என்று தயங்கி ரோட்டில் நிற்காதீர்கள். நேராகப் போய்க் கேளுங்கள்.